லாபம் என்று எண்ணிய நாடி

சும்மா உட்கார்ந்திருக்கும்போது என் நாடி நிமிஷத்துக்கு நாற்பத்தெட்டுதான் ஓடும். வாலிபத்திலும் அப்படித்தான், தலை முழுக்க நரைத்துவிட்ட இப்போதும் அப்படித்தான். என்னைப் பார்த்த எந்த வைத்தியரும் கையை விட்டுவிட்டு ஒரு தரம் என் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் போனதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த நாற்பத்தெட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி.

ராசிபுரத்துப் பக்கம் என் ஊர். தகப்பன் முகம் பார்க்காமல் வளர்ந்தவன். மீசை அரும்பும் முன்பே மஞ்சள் மூட்டை தூக்கப் போனேன். மற்றவன் ஒரு மூட்டை தூக்கினால் நான் ஒன்றின் மேல் ஒன்று போட்டுத் தூக்குவேன். மஞ்சள் வேகிற கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், களத்தில் வெயிலில் காயவைத்துக் கிளறியிருக்கிறேன், மெருகேற்றுகிற உருளையை ஆளோடு ஆளாகச் சுற்றியிருக்கிறேன். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. முப்பத்தைந்து வயதுக்குள் சொந்தமாக மஞ்சள் மண்டி போட்டேன். மண்டியும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே. சுவர் மஞ்சள், பாய் மஞ்சள், என் வேட்டி மஞ்சள். வீட்டுக்குள் வருகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் வருவார்கள்.

எழுத்து வராது என்றாலும் எண்ணிக்கையில் என்னை மிஞ்சினவன் அந்த வட்டாரத்தில் இல்லை. மண்டியில் நாங்கள் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்க மாட்டோம். முதல் மூட்டைக்கு 'லாபம்' என்று சொல்லி, அப்புறம்தான் ரெண்டு, மூணு. நல்ல சொல்லில் தொடங்கினால் நல்லபடி முடியும் என்று வழக்கம். நான் ஆடு எண்ணினாலும் லாபம், குழந்தை எண்ணினாலும் லாபம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் என் மனைவிக்கு நெஞ்சுப் படபடப்பு வந்தது. சின்னப் பிராயத்தில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததாம், அது நெஞ்சில் தங்கிவிட்டது என்றார்கள். கொஞ்ச தூரம் நடந்தால் மூச்சு வாங்கும். சாயங்காலமானால் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும். கட்டி வைக்காத கன்றுக்குட்டி மாதிரி நாடி கண்டபடி துள்ளும். சேலத்துக்கு அழைத்துப்போய்ப் பேர் பெற்ற டாக்டர் ஒருவரிடம் காட்டினேன். நான் எதையும் சின்னதாகச் செய்கிறவன் அல்ல.

அவர் ஒரு சின்ன பாட்டிலில் சொட்டு மருந்து கொடுத்தார். தண்ணீரில் கலந்து காலையில் பத்துச் சொட்டு, மாலையில் பத்துச் சொட்டு. ஒவ்வொரு தரமும் கொடுப்பதற்கு முன்னால் நாடியை முழு நிமிஷம் எண்ண வேண்டும்.

"அறுபதுக்குக் கீழே போச்சுன்னா மருந்தை நிறுத்திட்டு எங்கிட்ட வரணும். தெரிஞ்சுதா?" என்றார்.

"எண்ணறதப் பத்தி எங்கிட்டச் சொல்ல வேண்டியதில்லைங்க" என்று என் கையை நீட்டினேன். "இதையும் ஒரு தடவ பாருங்க."

பார்த்தார். கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நாற்பத்தெட்டு. மூட்டை தூக்கின உடம்பா? பயில்வான் நாடி. உங்களுக்கு இது நல்லதுதான்" என்றார்.

'உங்களுக்கு' என்று அவர் சொன்னது என் காதில் விழவில்லை. 'நல்லது' மட்டும் விழுந்தது. அன்றைக்கே சேலம் கடைவீதியில் நிமிஷ முள்ளோடு கூட விநாடி காட்டும் சின்ன முள் தனியாக ஓடுகிற வெள்ளிக் கடிகாரம் ஒன்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சொட்டு ஊற்றுவதும் நாடி எண்ணுவதும் நானே செய்தேன். வேறு யாரையும் நம்பவில்லை. மண்டி வேலையைப் போட்டுவிட்டு வந்து பாயில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து "லாபம், ரெண்டு, மூணு" என்று தொடங்குவேன். மருந்து நன்றாக வேலை செய்தது. நூற்றுக்கு மேலே துள்ளின நாடி தொண்ணூறானது, எண்பதானது. கால் வீக்கம் வடிந்தது. அவளே எழுந்து கோழிக்குத் தீனி போட்டாள். சந்தையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்: "டாக்டர் குடுத்தது மருந்து, கொணப்படுத்துனது என்ற கை."

என் மாமியார் மகளுக்குத் துணையாக வந்து எங்கள் வீட்டில் இருந்தார். எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனோடு முகம் பார்த்துப் பேச மாட்டார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று, வாசலில் கட்டியிருக்கிற எருமையிடம் சொல்வார். எனக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை ஐம்பத்தெட்டு வந்தது. நான் சொட்டு ஊற்றினேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "ஏ எருமே, அறுவதுக்குக் கீழ போனா நிறுத்தோணும்னு டாக்டரு சொன்னாராமே. உனக்காச்சும் நெனப்பிருக்குதா?"

நான் என் மனைவியைப் பார்த்துச் சொன்னேன், மாமியாருக்குக் கேட்கும்படி: "உங்கம்மாகிட்டச் சொல்லு புள்ளே. அது சாதாரண ஆளுக்குச் சொல்ற கணக்கு. என்ற நாடி நாப்பத்தெட்டு. நான் செத்தா போயிட்டன்? ரெண்டு மூட்டையத் தூக்கிக்கிட்டுக் களத்தச் சுத்தி வாரேன் பாக்கறியா? மெதுவா ஓடற நெஞ்சுதான் ரொம்ப நாளைக்கு ஓடும்."

அவள் சிரித்தாள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிறவள். அந்த நம்பிக்கையை நான் எத்தனையோ வருஷம் உழைத்துச் சம்பாதித்திருந்தேன். அதை நினைக்கும்போதுதான் எனக்குத் தாங்காது.

ஐம்பத்தைந்து. ஐம்பத்திரண்டு. முன்னே கண்டபடி துள்ளின நாடி இப்போது ஒரே சீராக, இடைவெளி விட்டு விட்டு ஓடியது. செக்கு மாடு நடக்கிற மாதிரி. என் கணக்குக்கு வந்துகொண்டிருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். சோறு வேண்டாம் என்றாள். குடித்த கஞ்சியைக் கக்கினாள். வெயில் காலம், பித்தம் என்றேன்.

அப்புறம் ஒரு மத்தியானம் தட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்க, சோறு மஞ்சளாத் தெரியுதுங்க."

"மஞ்சக்காரன் ஊட்டுல பின்ன பச்சையாவா தெரியும்?"

"அதில்லீங்க. எல்லாமே அப்படித்தான் தெரியுது. வெளிச்சத்தச் சுத்தி வட்டங் கட்டுது. உங்க பல்லுங்கூட மஞ்சளா இருக்குதுங்க."

"அது வெத்தல போட்ட பல்லு. பொறந்ததுல இருந்து அப்படித்தான்" என்றேன். மண்டி ஆட்கள் கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேறு ஒரு வீட்டில், ஒரு நெசவாளி வீட்டிலோ வாத்தியார் வீட்டிலோ இதைச் சொல்லியிருந்தால் எல்லாரும் பதறியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அரிசிப் பானையைத் திறந்தாலும் மஞ்சள் தூள் பறக்கும். அவள் சொன்னது எங்களுக்கு ஒரு சேதியாகவே படவில்லை. மாமியார் மட்டும் அன்று பால் கறந்து எடுத்துக்கொண்டு வரும்போது வாசலில் நின்றார்.

"ஏ எருமே, உன்ற பாலு வெள்ளையாத்தான இருக்குது? எம்புள்ள மஞ்சங்கறா. கேக்கறவங்க காதுல உளுந்தாச் சரி."

என் காதில் விழுந்தது. அன்று மாலையும் பத்துச் சொட்டு ஊற்றினேன். நாற்பத்தாறு. "என்னையே மிஞ்சிட்டயே புள்ளே!" என்றேன்.

மறுநாள் காலை, வெயில் களத்தில் ஏறுகிற நேரம். நான் வழக்கம்போலச் சொட்டை ஊற்றி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்திரிச்சு உக்காரு" என்றேன். அவள் ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னால் நிற்கிறாளே என்று நான் நினைத்து முடிப்பதற்குள் அவள் கண் மேலே செருகியது. முகத்திலிருந்த ரத்தமெல்லாம் யாரோ உறிஞ்சின மாதிரி வெளுத்தது. காய்ந்த விறகு சாய்கிற மாதிரி, கையைக்கூட நீட்டாமல் விழுந்தாள். டம்ளர் என் கையிலிருந்து போய்விட்டது. சுவரில் மருந்துத் தண்ணீர் வழிந்தது.

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"லாபம்" என்றேன்.

அடுத்தது வரவில்லை.

என் வாய் 'ரெண்டு' சொல்லத் தயாராகத் திறந்தபடி நின்றது. மூட்டை எண்ணும்போது அடுத்த மூட்டை வரத் தாமதமானால் ஆளை அதட்டுவேன். இங்கே யாரை அதட்டுவது? கடிகாரத்தின் சின்ன முள் ஓடிக்கொண்டே இருந்தது. என் காதுக்குள் என் நெஞ்சு மடமடவென்று அடித்தது. என் விரல் அவள் நாடியில், காதிலோ என் நாடி. ஒரு கணம், இவளுடையதுதான் இப்படி வேகமாக ஓடுகிறது என்று மனசு ஏமாந்தது. இல்லை. விரலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. பதினாலு வருஷம் கூட இருந்தவளின் கை, களத்துக் கட்டை மாதிரி கிடந்தது.

பிறகு வந்தது. மெல்ல, கிணற்றின் ஆழத்திலிருந்து யாரோ தட்டுகிற மாதிரி ஒரு தட்டு. "ரெண்டு" என்று கத்திவிட்டேன். மறுபடி நீளமான வெறுமை. "மூணு."

அப்போது என் எதிரே ஒரு முகம் வந்து குனிந்தது. என் மாமியார். முக்காடு நழுவியிருந்தது. என் கண்ணைப் பார்த்துப் பேசினார்.

"மாப்ள, எம்புள்ள சாவறா. எண்ணுனது போதும். எந்திரிங்க."

அந்தக் குரலை நான் நேராகக் கேட்டது அதுதான் முதல் தரம். பதினாலு வருஷ வழக்கத்தை அவர் உதறிவிட்டார் என்றால், இனிக் காப்பாற்ற மரியாதை ஒன்றும் பாக்கியில்லை என்றுதானே அர்த்தம்? அதுவரைக்கும் பயமாகத்தான் இருந்தது. அப்போதுதான், இவள் போய்விடுவாள் என்பது எனக்குப் புரிந்தது.

பெட்ரோல் கிடைக்காத காலம். சேலத்துக்குக் கரி பஸ்தான். பின்பக்கம் அடுப்பு கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் ஓடுகிற வண்டி. அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போய்ப் பஸ்ஸை மறித்தோம். பின்சீட்டில் அவள் தலை மாமியார் மடியில், கை என் பிடியில். கண் விழித்திருந்தாள். பேச்சு மட்டும் மசமசவென்று வந்தது.

மல்லூர் ஏற்றத்தில் வண்டி திணறியது. கண்டக்டர் வந்தான். "ஆம்பளைங்க எல்லாம் எறங்குங்க. மேட்டுக்கு மேல ஏறிக்கலாம்."

"நான் எறங்க மாட்டேன்."

"உங்களுக்கு மட்டும் என்னங்க தனிச் சட்டம்?"

"கைய உட்டா எண்ணிக்க போயிரும்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

முன்சீட்டுக் கிழவர் ஒருவர் இறங்கிக்கொண்டே சொன்னார்: "காலம் கெட்டுப்போச்சுங்க. பத்துப் பேரு முன்னால பொண்டாட்டி கையப் புடிச்சுக்கிட்டு ஜம்முனு சவாரி போறாங்க."

என் மாமியார் திரும்பினார். "ஏனுங்க பெரியவரே, உங்க ஊட்டம்மா கையை நீங்க புடிச்சதே இல்லையாட்ட இருக்குது. புடிச்சிருந்தா இந்த வாயி வராது."

கிழவர் இறங்கிப் பின்னால் போய் வண்டியைத் தள்ளினார். வேறு நாளாக இருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பேன். என் நாக்கு 'இருவத்தொண்ணு' என்பதில் ஒட்டிக்கொண்டிருந்தது. முழு நிமிஷத்துக்கு முப்பத்தினாலு. அடுத்த நிமிஷம் முப்பத்திரண்டு. எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் அந்த இடைவெளிகளில் சொன்னேன். ஒரு பேரைச் சொல்லி முடித்து அடுத்ததையும் சொல்ல இடம் இருந்தது. அவ்வளவு நீளமாக இருந்தன அந்த இடைவெளிகள்.

டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். வாந்தி உண்டா என்று கேட்டார். பதில் வருவதற்குள், "கண்ணுக்கு மஞ்சளாத் தெரியுதா?" என்றார்.

அவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார்? எங்கள் வேட்டியைப் பார்த்தா? "தெரியுதுன்னு சொன்னாளுங்க. நான் சிரிச்சுப்போட்டேனுங்க" என்றேன்.

அவர் உடனே ஓர் ஊசி போட்டார். தலையணையை எடுத்துவிட்டுப் படுக்கவைத்தார். எழுந்து உட்காரவே கூடாது என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அறுபதுக்குக் கீழே போனா நிறுத்தச் சொன்னேனா இல்லையா?"

"என்ற நாடி நாப்பத்தெட்டுங்களே. நீங்களே நல்லதுன்னு சொன்னீங்களே."

அந்த மனுஷன் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. "மாடிப்படியில ரெண்டு தரம் ஏறி இறங்கி வாங்க" என்றார். ஓடி ஏறி ஓடி இறங்கினேன். என் கையைப் பிடித்தார். "இப்ப நூத்தைத் தாண்டியாச்சு. பாத்தீங்களா? உங்க நெஞ்சு ஓய்வுல மெதுவா ஓடும், வேலை குடுத்தா ஏறும். அது பலம். இவங்க நெஞ்சை நீங்க மருந்தால கட்டிப்போட்டிருக்கீங்க. எழுந்து நின்னாக்கூட அதால ஏற முடியல. மூளைக்கு ரத்தம் எட்டல, விழுந்துட்டாங்க. எண்ணிக்கையை மட்டும் பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரித் தெரியும். ஆளைப் பாக்கணும். தலை சுத்துதா, கண்ணு இருட்டுதா, மூச்சு வாங்குதா, சாப்பாடு இறங்குதா? கண்ணுக்கு மஞ்சளாத் தெரியறதும் இந்த மருந்து உடம்புல மிஞ்சிப்போச்சுங்கறதுக்கு அடையாளம்தான். வேகமா இருந்த நாடி இந்த மருந்தால இவ்வளவு இறங்கினா, அன்னைக்கே வந்திருக்கணும்."

"பொழச்சுக்குவாளுங்களா?"

"குடுத்த மருந்து உடம்புல இருந்து வடியணும். அதுவரைக்கும் நெஞ்சு நிக்காம இருந்தா பொழைப்பாங்க. வேற நான் சொல்றதுக்கு இல்ல."

அந்த நாட்களை எப்படி எழுதுவது? மூட்டை வந்து சாய்ந்து என் கால் நசுங்கியிருக்கிறது, கொதிக்கிற கொப்பரைத் தண்ணீர் தோளில் ஊற்றியிருக்கிறது, சந்தையில் கத்தி காட்டினவன் எதிரே நின்றிருக்கிறேன். எதற்கும் அசைந்ததில்லை. எங்களைத் தங்கவைத்த அந்த டாக்டர் வீட்டுப் பின்கட்டில், ஒரு பெண்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் அப்புறம் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். 'லாபம்' என்று தொடங்க வாய் வரவில்லை. அந்தச் சொல் என்னைக் கேலி செய்தது. எண்ணாமல் இருந்தாலும் பயம், எண்ணினாலும் பயம். கம்பவுண்டர் வந்து, "கொஞ்சம் வெளியே போய் டீ குடிங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். எழுந்தேன். வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். நான் பார்க்காத நேரத்தில் நின்றுவிட்டால்?

முப்பத்தாறு. முப்பத்தெட்டு. மறுபடி முப்பத்தைந்து. அன்றைக்கு எனக்குக் கண்ணீர் வந்தது. யாருக்கும் தெரியாமல் துண்டால் துடைத்தேன். நாற்பத்திரண்டு. எந்த எண்ணைத் தொட்டால் பெருமைப்படலாம் என்று காத்திருந்தேனோ, அந்த நாற்பத்தெட்டு வந்தபோது அதைத் தாண்டிப் போ, தாண்டிப் போ என்று மனசுக்குள் கெஞ்சினேன். மாமியார் எனக்கு நேராகவே சோறு போட்டார், நேராகவே பேசினார். "சாப்பிடுங்க மாப்ள." "செத்த நேரம் சாயுங்க மாப்ள." அவர் ஒவ்வொரு தரம் 'மாப்ள' என்னும்போதும் என் கை அவள் மணிக்கட்டைத் தேடிப் போகும். ஆபத்து இன்னும் தீரவில்லை என்று அதற்கு அர்த்தம்.

நாலாம் நாள் காலை மாமியார் தூக்குப்போசியில் பால் வாங்கி வந்து டம்ளரில் ஊற்றினார். என் மனைவி படுத்தபடியே அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க."

"சொல்லு புள்ளே."

"பாலு வெள்ளையா இருக்குதுங்க."

நான் அவள் கையைப் பிடித்தேன். நம்ப முடியாமல் ரெண்டு தரம் எண்ணினேன். ரெண்டு தரமும் அறுபத்திரண்டு. டாக்டர் வந்து அவளை மெல்ல உட்காரவைத்து எண்ணினார். எழுபதுக்கு ஏறியது. "இனிப் பயமில்லை" என்றார். மறுபடி மருந்து தர வேண்டி வந்தால் அளவு வேறு, இந்தத் தடவை சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும் என்றார். நான் தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

டாக்டர் போனதும் மாமியார் எழுந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, கையிலிருந்த தூக்குப்போசியிடம் சொன்னார்:

"ஏ போசி, அந்தக் கடியாரத்த இனிமே எங்கிட்டக் குடுக்கச் சொல்லு. எனக்கும் நூறு வரைக்கும் எண்ணத் தெரியும்."

அதைக் கேட்டதும் நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். நாலு நாளைக்கு அப்புறம் முழுசாக ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. இடுப்பிலிருந்த கடிகாரத்தை எடுத்துத் தூக்குப்போசிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் அதை எடுத்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்ன முள்ளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். மணிக்கட்டில் விரலை வைத்தார்.

"ஒண்ணு" என்று தொடங்கினார்.